5,846 கி.மீ. நாற்கரச் சாலை... எண்ணூர் பக்கம் வந்தா மட்டும் ஏன் மூச்சு வாங்குது?

எண்ணூர் விரைவுச் சாலையில் பைக் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் அத்துப்படி. முன்னால் 40 அடி கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர் போகிறதென்றால், அதன் இடப்பக்கம் நுழையவே கூடாது. டிரைவரின் கண்ணுக்கு அந்தப் பக்கம் தெரியாது. வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வராமல், உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் வரை வேலைக்கும் காலேஜுக்கும் போகிறவர்கள் இதை டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொள்ளவில்லை. அக்கம்பக்கத்தில் நடந்த விபத்துகளில் கற்றுக்கொண்டார்கள்.

அந்த ட்ரெய்லர் எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போனால், கதை நாட்டின் மிகப்பெரிய சாலைத் திட்டத்தில் போய் நிற்கும்.

நாற்கரம்னா என்ன?

டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களையும் நான்கு வழிச் சாலையால் இணைப்பதுதான் தங்க நாற்கரத் திட்டம். 1999-ல் வாஜ்பாய் அடிக்கல் நாட்டினார். மொத்தம் 5,846 கி.மீ. இதில் நீளமான பக்கம் நம்முடையதுதான்: சென்னை–கொல்கத்தா, 1,684 கி.மீ. பழைய தலைமுறை இன்னும் 'ஜி.என்.டி. ரோடு' என்று சொல்லும் சாலை. முன்பு என்.எச். 5, இப்போது என்.எச். 16. மாதவரம், செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, தடா என்று போய், நெல்லூர், விஜயவாடா, விசாகப்பட்டினம் வழியாக வங்காளம் சேர்கிறது.

சும்மா சொல்லக் கூடாது, சாலை வேலை செய்தது. நாற்கரத்தை ஒட்டி 10 கி.மீ.க்குள் இருக்கும் மாவட்டங்களில், சற்றுத் தள்ளியிருக்கும் மாவட்டங்களைவிட உற்பத்தித் தொழில் வேகமாக வளர்ந்ததைப் பொருளாதார ஆய்வுகள் காட்டின. சரக்கு நேரத்துக்கு வரும் என்ற நம்பிக்கை வந்ததும், கம்பெனிகள் குடோனில் மூலப்பொருளைக் குவித்து வைப்பதைக் குறைத்துக்கொண்டன. ஆனால், அந்த முக்கிய ஆய்வில் நான்கு பெருநகரங்களைத் தனியே ஒதுக்கிவிட்டு, நடுவிலிருக்கும் மாவட்டங்களைத்தான் ஒப்பிட்டார்கள். ஆய்வு முறைக்கு அது சரி. அரசின் கவனமும் அதே மாதிரி நகர எல்லையில் நின்றுபோனதுதான் சிக்கல்.

ஏனென்றால், லாரி நகர எல்லையில் நிற்பதில்லை. துறைமுகம் வரை போயாக வேண்டும்.

கடைசி 30 கி.மீ.

நாட்டிலேயே முதல் பிரத்யேக கன்டெய்னர் முனையம் 1983-ல் சென்னைத் துறைமுகத்தில்தான் வந்தது. அதன் வடக்கு வாசல், எல்லோரும் 'ஜீரோ கேட்' என்று சொல்வது, ராயபுரம்–காசிமேடு பக்கம் இருக்கிறது. பகலில் கனரக வாகனங்கள் நகருக்குள் நுழையக் கட்டுப்பாடு. அதனால் ஸ்ரீபெரும்புதூரில் ஏற்றிய சரக்குகூட மதுரவாயல், பைபாஸ், மாதவரம், மணலி என்று நகரைப் பாதி சுற்றி, கடற்கரையைத் தொட்டு, பிறகு தெற்கே இறங்குகிறது. மேற்கிலிருந்து வருவதும் வடக்கிலிருந்து வருவதும் கடைசியில் ஒரே வரிசையில் சேர்கின்றன.

இது யாருக்கும் தெரியாமல் நடந்ததல்ல. நெடுஞ்சாலை மேம்பாட்டுத் திட்டத்தின் தொடக்கத்திலேயே துறைமுக இணைப்புச் சாலைகளும் இருந்தன. எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் அப்படி வந்ததுதான்: எண்ணூர் விரைவுச் சாலை, மணலி சாலை, உள்வட்டச் சாலையின் வடபகுதி, திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலை எல்லாம் சேர்த்து சுமார் 30 கி.மீ. நிலம் எடுப்பு, மறுகுடியமர்வு, ஏஜென்சிகளின் இழுபறி என்று வருடங்கள் ஓடின. 2012 ஜனவரியில் 5,846 கி.மீ. நாற்கரமும் முடிந்துவிட்டதாக அறிவித்தபோது, இந்த 30 கி.மீ. முடியவில்லை. ட்ரெய்லர்கள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நிற்பதும், டிரைவர்கள் நாள்கணக்கில் காத்திருப்பதும் அப்போதைய வாடிக்கையான செய்தி.

அகலப்படுத்துவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேற்கே வீடுகள், கிழக்கே கடல். அந்தக் கடலும் சும்மா இல்லை. இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும். 19-ம் நூற்றாண்டில் துறைமுகச் சுவர் எழுந்ததும் மணல் தெற்கே தேங்கியது, மெரினா அகலமானது. வடக்கே மணல் வரத்து குறைந்து, ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை அரித்தது. தெருக்களும் வீடுகளும் கடலுக்குள் போயின. மெரினாவில் ஞாயிறு மாலை சுண்டல் சாப்பிடும் இடத்துக்கும், திருவொற்றியூரில் கருங்கல் கொட்டிய கரைக்கும் காரணம் ஒரே சுவர்தான். இப்போது தூண்டில் வளைவுகளும் கல் தடுப்பும்தான் சாலையைக் காக்கின்றன. துறைமுகம் தின்ற கரையில், துறைமுகத்துக்கான லாரிகள்!

பாலம் வந்தா சரியாயிடுமா?

துறைமுகம்–மதுரவாயல் மேம்பாலச் சாலைக்கு 2009-ல் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 19 கி.மீ., 1,815 கோடி ரூபாய். கூவத்தின் நீரோட்டத்தைத் தூண்கள் மறிக்கின்றன என்று 2012-ல் மாநில அரசு நிறுத்தியது. 2014-ல் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தும் வேலை நகரவில்லை. மொட்டைத் தூண்கள் மட்டும் கூவத்தில் நின்றன. 2022 மே மாதம் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். இந்த முறை இரண்டு அடுக்கு, 5,850 கோடிக்கு மேல். நடுவில் போன 13 வருடங்களின் விலை அந்த இரண்டு தொகைகளுக்கு இடையில் இருக்கிறது. அதிலும் அடங்காத ஒன்று உண்டு: அத்தனை வருடமும் அந்த லாரிகளை வடசென்னைதான் தாங்கியது.

இந்தப் பாலம் வந்தால் ஸ்ரீபெரும்புதூர் சரக்கு நேராக உள்ளே போகும். வடக்கே சுமை கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் கன்டெய்னர் யார்டுகள் பல மணலி, மாதவரம் பக்கம் இருக்கின்றன. அவற்றுக்கு எண்ணூர் சாலைதான் வழி. எண்ணூர் துறைமுகத்திலிருந்து பூஞ்சேரி வரை சுமார் 133 கி.மீ.க்குத் திட்டமிட்ட எல்லைச் சாலையோ காமராஜர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குத்தான் முதல் பலன். காசிமேடு–எர்ணாவூர்க்காரர்களின் பிரச்சினை இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

'துறைமுகத்தையே வடக்கே தள்ளிவிடலாமே' என்று கேட்பவர்கள் 2011-ஐ நினைவுபடுத்திக்கொள்ளலாம். தூசு தாங்கவில்லை என்ற நீண்ட போராட்டத்துக்குப் பின், சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ராயபுரத்துக்கு நிம்மதி. ஆனால் நிலக்கரி காணாமல் போகவில்லை, எண்ணூருக்குப் போனது. அங்கே ஏற்கெனவே அனல்மின் நிலையங்களும் சாம்பலும் இருந்தன. வடசென்னையின் ஒரு தெருவின் பாரத்தை இன்னொரு தெருவுக்கு இறக்கி வைப்பதைத் தீர்வு என்று சொல்ல முடியாது.

உடனே செய்யக்கூடியவை அப்படியொன்றும் பிரம்மாண்டமானவை அல்ல. கேட்டில் நேரம் ஒதுக்கி அழைக்கும் வரை ட்ரெய்லர்கள் நிற்க, சாலைக்கு வெளியே போதுமான பார்க்கிங். அங்கே கழிப்பறை, குளிக்கத் தண்ணீர், படுக்க இடம். ஒடிசாவிலிருந்து வண்டி ஓட்டி வந்தவர் ரோட்டோரத்தில் ஒதுங்க வேண்டிய நிலை அவருக்கும் கேவலம், அந்தத் தெருவுக்கும் கேவலம். டூவீலருக்குத் தடுப்பு வைத்த தனிப்பாதை. பள்ளி விடும் நேரத்தில் ட்ரெய்லருக்குத் தடை. விம்கோ நகர் வரை 2021-ல் மெட்ரோ வந்துவிட்டது. ஆனால் ஸ்டேஷனிலிருந்து கடலோரக் குப்பங்களுக்குப் போக இன்னும் இந்த லாரிகளுக்கு நடுவேதான் சாலையைக் கடக்க வேண்டும்.

பணம் எங்கே என்ற கேள்வி வரும். நெடுஞ்சாலையில் ஒவ்வொரு லாரியிடமும் ஃபாஸ்டேக் வழியாகக் கட்டணம் பிடிக்கிறார்கள். நல்லூர் டோல்கேட்டில் வசூலாகும் தொகையில் ஒரு பங்கை அந்த லாரி கடைசியாகப் போய்ச் சேரும் சாலைக்கு ஒதுக்கினால் என்ன? புது வண்ணாரப்பேட்டைக்கும் காலடிப்பேட்டைக்கும் நடுவே மெட்ரோ ஸ்டேஷனுக்கே 'சுங்கச்சாவடி' என்றுதான் பெயர். அங்கே இப்போது வசூல் எதுவும் கிடையாது. நாற்கரத்தின் செலவை மட்டும் அந்த ஏரியா தினமும் கட்டிக்கொண்டிருக்கிறது.