துறையில் ஒரு தோணி

எனக்குச் சொந்தமாக ஒரு தோணி உண்டு. இதனைச் சொல்லும்போது நண்பர்கள் புன்முறுவல் பூக்கின்றனர். அவர்களைக் குறைகூற மாட்டேன். யான் மீன் பிடிப்பவனுமல்லேன், வயல் செய்பவனுமல்லேன். 30 ஆண்டுகள் பாடசாலைகளில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். நற்பிட்டிமுனையில் உள்ள என் வீட்டிலிருந்து சிறிது தூரம் நடந்தால் கிட்டங்கித் துறை. அங்கே, கரையோரத்து மருதமரத்தின் வேரொன்றில் கட்டுண்டு கிடக்கிறது அத்தோணி. அசர்த் தொழுகை முடிந்ததும் அதனைக் காணச் செல்வது என் நாளாந்த வழக்கம். "தார்வீதி இருக்கத் தோணி எதற்கு, மாஸ்டர்?" என்று வழியிற் காண்போர் கேட்பர். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறவே இக்கட்டுரை.

எங்கள் ஊர்களின் கிடக்கையை முதலில் நோக்குதல் வேண்டும். கல்முனைப் பகுதி, கிழக்கே கடலுக்கும் மேற்கே வாவிக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய நிலக்கீற்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் தென்கோடி எமது அயலிலேதான் முடிகின்றது. அக்கோடியையே எம்மவர் கிட்டங்கி ஆறு என்பர். குடியிருப்பது கிழக்கே, சோறு விளைவது மேற்கே. சவளக்கடையும் நாவிதன்வெளியும் அவற்றுக்கு அப்பாலுள்ள வட்டைகளும் ஆற்றுக்கு அக்கரையில் உள்ளன. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் மேற்கே குடியேற்றங்கள் பெருகவே, இத்துறையைக் கடப்போர் தொகையும் பெருகிற்று.

ஊர்ப் பெயர்களே இதற்குச் சான்று கூறும். கல்முனை, மருதமுனை, நற்பிட்டிமுனை என்பன நீரை நோக்கி நீண்ட நிலத்தின் பெயர்கள். துறைநீலாவணை தன் பெயரிலேயே துறையைத் தாங்கி நிற்கின்றது. சம்மாந்துறை என்பது சம்பான்கள் வந்தடைந்த துறை என்று மரபாக விளக்கப்படும். இன்று அவ்வூரில் சம்பானைத் தேடுவோர் நெல்லாலைகளையே காண்பர். பெயர்கள் நீரை நினைவிற் கொண்டுள்ளன. அப்பெயர்களைச் சுமக்கும் நாமோ மறந்துவிட்டோம்.

பட்டினப்பாலையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். வெண்ணிற உப்பை விற்று, அதற்கு மாறாகப் பெற்ற நெல்லோடு திரும்பும் படகுகளை, இலாயத்திலே குதிரைகளைக் கட்டுவதுபோலக் கழிக்கரையிலே கட்டி வைத்திருந்தனர் என்பார் உருத்திரங்கண்ணனார். அப்பகுதியை வகுப்பிற் படிக்கும்போதெல்லாம் காவிரிப்பூம்பட்டினம் என் மனக்கண்ணில் தோன்றுவதில்லை. வாப்பாவின் தோணியே தோன்றும். விதைப்புக் காலத்தில் விதைநெல்லும், முல்லைக்காரருக்கு வேண்டிய அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் முதலியனவும் ஏற்றிக்கொண்டு அது அக்கரை செல்லும். சூடடித்து முடிந்ததும் நெல்மூடைகளோடு நீர்விளிம்பு மட்டும் தாழ்ந்து மெல்ல மெல்ல இக்கரை வரும். ஆண்டுக்கொரு முறை அதனைக் கரையேற்றிக் கவிழ்த்து, பலகைச் சந்துகளிற் பஞ்சு திணித்துக் கலப்பற்றுப் பார்த்து, சுறா நெய் பூசி வெயிலிற் காயவிடுவர். அந்த நெடி உம்மாவுக்குப் பிடியாது. எனக்கோ அதுவே பெருநாள் மணம்.

வாப்பா எழுத்தறியாதவர். ஆயினும் அவர் கூறிய ஒரு வார்த்தையை நூல்களிலும் யான் கண்டதில்லை. "தோணியக் கட்டிப்போட்டாப் போதாது மகன். நாளைக்கு ஒருக்காப் போய் அதுட முகத்தப் பாக்கணும்." தோணிக்கு ஏது முகம் என்று அன்று நகைத்தேன். 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளியில் அத்தோணி, கட்டியிருந்த மரத்தோடு போயிற்று. வாப்பா வேறொன்று செய்விக்கவில்லை. அதற்குள் உழவு இயந்திரம் வந்துவிட்டது.

பாதைகளும் பாலங்களும் வந்ததைப் பழிப்பவன் அல்லேன் யான். நள்ளிரவில் பிள்ளைப்பேற்று நோவோடு தோணியில் ஏற்றப்பட்ட ஒரு பெண்ணைச் சிறுவயதிற் கண்டவன், பழமை பழமை என்று பாடிக்கொண்டிரான். 1924இல் அமைந்த கல்லடிப் பாலமும், 2014இல் திறக்கப்பெற்ற மண்முனைப் பாலமும் வாவியின் இரு கரைகளிலும் வாழ்வோருக்கு எத்துணை நன்மை செய்தன என்பதை யார் மறுப்பர்? எனது முறைப்பாடு பாலத்தின் மேலன்று. ஆற்றைக் கடக்கும் தொல்லை நீங்கியதும் ஆற்றைப் பார்க்கும் வழக்கத்தையும் கைவிட்டோமே, அதன் மேலேயாம்.

பார்க்காத பொருள் பாழாகும். துறையில் தோணி கட்டியவன் நாள்தோறும் நீரைப் பார்த்தே ஆக வேண்டும். நேற்று வேரின் மேற்கணுவைத் தொட்ட நீர் இன்று எவ்வளவு இறங்கியது, மேற்கே மழை பெய்ததா, ஆற்றுவாழை எப்பக்கம் மூடி வருகிறது, முதலை எந்த மேட்டில் வெயில் காய்கிறது என்பனவெல்லாம் கேளாமலே அவனுக்குத் தெரிந்துவிடும். இரவோடிரவாகக் கரையோரத்தில் ஒருவர் மண்கொட்டி நிலம் பிடிப்பாராயின், அதனை முதலிற் காண்பவனும் அவனே. வீட்டுக் கழிவைப் பொலித்தீன் பையிற் கட்டி வீதியிலிருந்து நீரில் எறிபவரை அவன் வாளா நோக்கியிரான். அது வந்து தங்குவது அவன் தோணியின் அடியில் அன்றோ? சாய்ந்தமருதுத் தோணாவைப் பாருங்கள். ஊர் வெள்ளத்தைக் கடலுக்கு வழிவிடும் அந்நீரோடை, குப்பை கொட்டும் இடமாகி, அதனைத் துப்புரவு செய்வதே ஒரு பெரும்பணியாயிற்று. அதன் கரையில் வீட்டுக்கொரு தோணி கட்டுண்டு கிடந்திருந்தால் அந்நிலை நேர்ந்திராது என்பது என் துணிபு.

இழந்தது தூய்மை மட்டுமன்று. 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோள் எமது கரையூர்களில் எத்தனை வீடுகளை வெறுமையாக்கிற்று என்பதை இங்குள்ளோருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதன்பின், நீர் என்றாலே பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தினோம். போர்க்காலத்திலும் வாவிக்கரைக்குச் செல்வது அச்சத்துக்குரியதாய் இருந்தது. 2009இல் அது முடிந்த பின்னரும் நாம் கரைக்குத் திரும்பவில்லை. அச்சம் இயல்பே. ஆனால் அவ்வச்சத்தின் விளைவாக, இருபுறமும் நீர் சூழ வாழும் ஒரு சமூகத்தில் நீந்தவோ துடுப்புப் பிடிக்கவோ அறியாத தலைமுறையொன்று வளர்ந்துவிட்டது.

2024 நவம்பர் 26ஆம் நாள், காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே மாவடிப்பள்ளியில் வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளத்தில், மத்ரசா மாணவரை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. சிறுவர் பலர் மாண்டனர். அவ்விரவு எங்கள் பகுதியில் உறங்கியவர் அரியர். தோணி இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர் என்று கூறேன். அத்தகைய ஓட்டத்திற் சிறு தோணியும் நில்லாது. எவர் மேலும் பழி சுமத்துவதும் என் நோக்கமன்று. ஒன்று மட்டும் கூறுவேன். தோணிக்காரன் நீரின் நிறத்தையும் சுழிப்பையும் கண்டதும், "இன்று கடக்கலாகாது" என்று கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு வீடு திரும்புவான். தார்வீதியோ, வெள்ளம் தன் மேல் ஏறிய பின்னும் வீதி போலவே தோன்றும். கடப்பதை அறிவதிலும் கடவாதிருக்க அறிவதே பெரிய கல்வி. அக்கல்வியைத் தந்த ஆசான் தோணியே.

பயன் ஒருபுறமிருக்க, இன்பமும் உண்டு. 1890ஆம் ஆண்டுகளில் குடும்ப நிலங்களை மேற்பார்க்க ஷிலைதஹாவுக்குச் சென்ற தாகூர், பத்மா என்ற படகிலே தங்கி, ஆற்றங்கரை மாந்தரைக் கண்டு கண்டு தம் சிறுகதைகள் பலவற்றை எழுதினார். எமது வாவியின் பாடும் மீன்களை எண்ணி, நீரரமகளிரைப் பாடியவர் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள். நீர்க்கரையில் நிற்பவனுக்கு மட்டுமே கேட்கும் செய்திகள் உள. இலக்கிய வட்டத்து இளைஞர்களே, மண்வாசனை பற்றிப் பலகாலம் பேசினோம். ஒரு மாலைப்பொழுதேனும் நீர்வாசனையையும் அறிய வாருங்கள்.

தடைகளை மறைக்க மாட்டேன். தோணி வைத்திருப்பது எளிதன்று. மாரியில் ஒருநாள் பாராதிருந்தால் மழைநீர் நிறைந்து மூழ்கிவிடும். என் தோணி இருமுறை மூழ்கியது. துடுப்பு ஒருமுறை களவு போயிற்று. தச்சரை ஓடாவி என்றழைப்பது எங்கள் வழக்கு. ஆனால் இன்று அவர்களிடம் கதவும் யன்னலும் செய்விக்கலாம், ஓடம் செய்விப்பது அரிது. ஆகவே மரத்தோணியைப் பழுதுபார்க்க ஆள் தேடி அலைந்தேன். முதலையுள்ள ஆற்றில் விழிப்பும் வேண்டும். இவ்வளவுக்கும் ஈடாக யான் பெற்றது என்னவென்றால், ஒருநாளும் தவறாமல் ஆற்றைப் பார்த்தேன் என்பதே.

வீட்டுக்கொரு தோணி என்று கேட்பது பேராசை. ஊருக்கு நான்கு போதும். கரையிலுள்ள ஒவ்வொரு பாடசாலையும் ஒரு தோணியைத் துறையிற் கட்டி வைக்கட்டும். முதலையற்ற பாதுகாப்பான நீரில், தக்கார் துணையோடு, மாணவர்கள் நீந்தவும் துடுப்புப் பிடிக்கவும் பழகட்டும். மாரிக்கு முன் அத்தோணியைச் செப்பனிடுவதும், நாள்தோறும் நீர்மட்டத்தைக் குறித்து வைப்பதும் அவர்கள் கடமையாகட்டும். பூகோளமும் தமிழும் அங்கே ஒன்றாய்க் கற்பிக்கலாம்.

சென்ற வாரம் என் பேரன் முதன்முறையாகத் தானே அந்தக் கயிற்றை அவிழ்த்தான். நீரைச் சற்றுநேரம் நோக்கி நின்று, "அப்பா, இண்டைக்கு ஓட்டம் கூட" என்று சொல்லி மீண்டும் கட்டிவிட்டான். அன்று நாங்கள் ஆற்றில் இறங்கவில்லை. தோணி வாங்கிய பணம் அன்றோடு எனக்கு வட்டியோடு திரும்பிவிட்டது.