256 பிட்டும் ஆறு எழுத்தும்

கடவுச்சொல் போட்டுப் பூட்டும் ஜிப் கோப்புக்கு எந்த மறையாக்கம் தகும் என்று தீர்ப்பெழுத வந்த கட்டுரையாளர் மூன்று வாதங்களை வைக்கிறார்; மூன்றும் ஒன்றையொன்று காலை வாருகின்றன.

ஏஇஎஸ் என்னும் மறையாக்கம் அமெரிக்க அரசின் தரநிலை, ஆகவே அதில் கள்ளவாசல் இருக்கும் என்பது முதல் வாதம். அதை வடித்தவர்கள் டேமன், ரைமன் என்னும் இரு பெல்ஜியர்கள் என்பதும், 1997இல் அறிவித்த பகிரங்கப் போட்டியில் 15 வழிமுறைகள் மோதி, ஒருவர் படைப்பை மற்றவர் குடைந்து பார்த்த பிறகே 2001இல் அது தரநிலையாயிற்று என்பதும் அவருக்குத் தெரியாதா? அரசு முத்திரைதான் உறுத்துகிறது என்றால், இறுதிச்சுற்றுவரை வந்த செர்பெண்ட், டூஃபிஷ் இரண்டும் எவரும் எடுத்தாளத் திறந்தே கிடக்கின்றன. அவற்றை ஏறெடுத்தும் பாராமல், உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியிடாத தம் சொந்த வழிமுறையை நீட்டுகிறார். உலகம் சோதித்ததை நம்பாதே, நான் மறைத்ததை நம்பு என்பதற்குப் பெயர் ஐயமா, கடைவிரிப்பா? பொறி எதிரியின் கையில் சிக்கினாலும் கெடக்கூடாது, சாவி மட்டுமே ரகசியம் என்று மறையியலாளர் கெர்க்காஃப்ஸ் 1883இலேயே எழுதியாயிற்று.

அவசரத்துக்குப் பழைய ஜிப் பூட்டே போதும், எல்லாக் கணினியிலும் திறக்கும் என்பது இரண்டாவது. ஆம், திறக்கும், கடவுச்சொல் அறியாதவனுக்கும் திறக்கும். 1994இல் பிஹாம், கோச்சர் என்னும் மறையியலாளர்கள் அதை உடைத்துக் காட்டிவிட்டார்கள். உள்ளிருக்கும் கோப்பில் 12 பைட் தெரிந்தாலே இன்று போதும். சுருக்காமல் வைத்த பிஎன்ஜி படமென்றால் முதல் 16 பைட் எல்லாப் படத்துக்கும் ஒன்றே. அமெரிக்க உளவுக்கு நடுங்குகிறவர் அடுத்த தெருப் பையனுக்குக் கதவைத் திறந்துவிடுவது எந்த ஊர் தர்க்கம்?

மூன்றாவதுதான் உச்சம்: திறவுகோல் 256 பிட் இருக்கும்போது கடவுச்சொல் ஆறெழுத்தானாலும் பாதகமில்லையாம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஆறு சிறிய ஆங்கில எழுத்துகளைக் கோக்கும் வழிகள் ஏறக்குறைய 31 கோடி, அதாவது 29 பிட்டுக்கும் குறைவு. தாக்குகிறவன் தேடப்போவது இதைத்தான். அவன் வேகத்தைக் கட்டிப்போடுவது கடவுச்சொல்லைத் திறவுகோலாக்கும் படி. ஏஇஎஸ்ஸையே பயன்படுத்தும் இரண்டில், வின்ஜிப் அதற்கு 1000 சுற்று வைக்கிறது, செவன்-ஜிப் 5,24,288 சுற்று வைக்கிறது. தேர்வு நடக்க வேண்டிய இடம் இதுவே. நீளமான கடவுச்சொல்லும் சேர்ந்தால் ஏஇஎஸ் தாராளமாகத் தாங்கும்.

இந்தப் படியைப் பற்றிக் கட்டுரையில் ஏன் ஒரு வரிகூட இல்லை? எழுதியிருந்தால், புது வழிமுறைக்கே தேவையில்லை என்பது வாசகருக்கு விளங்கியிருக்கும்; அவர் விற்க வந்த சரக்கோ அது ஒன்றுதான்.