பதில் சொல்லக் கடமையில்லாத கூட்டங்கள்

நம் மாவட்டத்தில் படித்தவர்கள் பலரிடம் வேரூன்றிப்போன நம்பிக்கை ஒன்று உண்டு. நிறுவனங்களோடு மல்லுக்கட்டுவதைவிட உட்கார்ந்து பேசுவது நல்லது என்பார்கள். வளங்குன்றா வளர்ச்சி பற்றிய தொழில்துறை மாநாடுகளில் அமைச்சரும் முதலாளியும் மேடையில் பேசிவிட்டுப் போகட்டும், பக்கத்து அரங்குகளில் நடக்கிற பயிலரங்குகளிலும் கலந்துரையாடல்களிலும்தான் உண்மையான வேலை நடக்கிறது என்பார்கள். அங்கேதான் மீனவருக்கும் விவசாயிக்கும் நாற்காலி போடுகிறார்கள், அதை விட்டுவிடக் கூடாது என்பார்கள். பேராசிரியர்கள், தொண்டு நிறுவன ஊழியர்கள், பங்குப்பேரவை உறுப்பினர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் எனப் பலரும் நல்ல மனதோடுதான் இதைச் சொல்கிறார்கள். ஆனால் இந்த நம்பிக்கை தவறு. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இன்று அது ஆபத்தும்கூட.

ஏன் ஆபத்து என்பதற்குக் கிள்ளியூரைப் பார்த்தால் போதும். கிள்ளியூர் வட்டத்தில் மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு முதலிய ஊர்களில் 1,144 ஹெக்டேர் நிலத்திலிருந்து மணல் எடுக்க ஐஆர்இஎல் என்ற மத்தியப் பொதுத்துறை நிறுவனம் திட்டமிட்டது. மோனசைட் என்ற அணுக் கனிமம், இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், சில்லிமனைட் எல்லாம் கலந்த மணல் அது. இதற்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2024 அக்டோபர் 1 அன்று பத்மநாபபுரம் சார் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் என்று அறிவித்தார்கள். கடற்கரை ஊர்கள் ஒன்றாகத் திரண்டு எதிர்த்தன. கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 2025 செப்டம்பரில், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்களையும் முக்கியக் கனிமங்களையும் தோண்டும் திட்டங்களுக்கு இனி மக்களிடம் கருத்துக் கேட்கவே வேண்டியதில்லை என்றது அது. நாட்டின் பாதுகாப்பும் வியூகத் தேவையும் காரணமாகச் சொல்லப்பட்டன. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். குறிப்பாணையைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்டார்.

இழப்பு எவ்வளவு பெரியது என்பது கருத்துக்கேட்புக் கூட்டத்தின் விதிகளைப் படித்தவர்களுக்குத்தான் தெரியும். தொலைக்காட்சியில் கூச்சலையும் தள்ளுமுள்ளையும் மட்டும் பார்த்துவிட்டு, 'இதெல்லாம் சந்தைக்கடை' என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை என்ன சொல்கிறது? கூட்டம் திட்டம் வரும் இடத்திலோ அதற்கு மிக அருகிலோ நடக்க வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ கூடுதல் ஆட்சியர் தகுதிக்குக் குறையாத அதிகாரியோ தலைமை ஏற்க வேண்டும். வந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்புத் தர வேண்டும். முழுக் கூட்டத்தையும் வீடியோவில் பதிய வேண்டும். சொல்லப்பட்ட கருத்துகளைத் தொகுத்து, கூட்டம் கலைவதற்கு முன் மக்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே எழுந்த முக்கியமான சூழல் கேள்விகளுக்கெல்லாம் நிறுவனம் தன் இறுதி அறிக்கையில் பதில் எழுத வேண்டும், வேண்டிய இடத்தில் திட்டத்தையே திருத்த வேண்டும்.

இந்தக் கூட்டத்துக்குத் திட்டத்தை நிறுத்தும் அதிகாரம் இல்லை என்பது உண்மை. ஆள் பிடித்து நாற்காலியை நிரப்புவதும், நடந்ததை மாற்றி எழுதுவதும் பல இடங்களில் நடந்திருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அப்படி நடந்தால் போய் நிற்பதற்கு ஒரு வாசல் இருந்தது. சத்தீஸ்கரின் ராய்கர் மாவட்டத்தில் கரே நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கொடுக்கப்பட்ட சூழல் அனுமதியைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2012இல் ரத்து செய்தது. கருத்துக்கேட்பு முறையாக நடக்கவில்லை என்பதே காரணம். ஒரு பயிலரங்கு முறையாக நடக்கவில்லை என்று சொல்லி எந்தத் தீர்ப்பாயத்தின் படியையாவது ஏற முடியுமா?

நாகர்கோவிலில் ஒரு விடுதி அரங்கில் நடந்த அத்தகைய பயிலரங்கு ஒன்றில் நான் இருந்திருக்கிறேன். வட்ட மேசைகள், மேசைக்கு ஆறு பேர். எல்லாருக்கும் ஒரு சணல் பை, அதில் நோட்டு, பேனா, நிறுவனத்தின் மலர். ஒருங்கிணைப்பாளரான ஓர் இளைஞர் மஞ்சள் ஒட்டுத்தாள்களைக் கொடுத்து, 'ஒரு தாளில் ஒரு கருத்து' என்றார். கடற்புறத்திலிருந்து வந்திருந்த, மீன் விற்கிற ஓர் அம்மா தாளை எடுக்கவில்லை. எழுந்து நின்று கேட்டார்: "மக்களே, மண்ணு எடுத்த குழியில கடலு கேறி வந்தா எங்க வீட்டுக்கு ஆரு பொறுப்பு?" அந்த இளைஞர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "நல்ல கேள்வி அம்மா. இன்றைய தலைப்புக்கு வெளியே இருக்கிறது, தனியாகக் குறித்துக்கொள்கிறேன்." சுவரில் 'பார்க்கிங் லாட்' என்று தலைப்பிட்ட ஒரு சார்ட் தொங்கியது. கேள்வி அதில் ஏறியது. பிறகு மதியச் சாப்பாடு, குழுப் படம், கருத்துப் படிவம். அரங்க வசதி, உணவு, பேச்சாளர் ஆகியவற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்னது அந்தப் படிவம். சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எழுத்தில் ஒரு வரி வரவில்லை.

அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்குக் கொடுத்த வேலை அதுதான். பதில் சொல்லும் அதிகாரமுள்ள ஒருவரும் அந்த அறையில் இல்லை. இருந்திருந்தாலும், பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. பயிலரங்கின் அமைப்பே அப்படி. தலைப்பு, நேரம், அழைக்கப்படுவோர் பெயர் எல்லாவற்றையும் அழைப்பவரே தீர்மானிக்கிறார். கடைசியில் எழுதப்படும் அறிக்கையும் அவருடையது.

அந்த அறிக்கை எங்கே போகிறது? பங்குச் சந்தையில் மதிப்பின்படி முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் 'வணிகப் பொறுப்பு, வளங்குன்றா நிலை அறிக்கை' தாக்கல் செய்ய வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் உத்தரவு. அதன் படிவத்தில், ஆண்டில் எத்தனை பயிற்சி, விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடந்தன என்று ஒரு கட்டம் இருக்கிறது. சம்பந்தப்பட்ட மக்களோடு எந்த வழியில், எத்தனை முறை தொடர்புகொண்டீர்கள் என்று இன்னொரு கட்டம். மக்கள் கூட்டம் என்பது அங்கே ஏற்கத்தக்க வழிகளில் ஒன்று. கேட்ட கேள்விகளில் எத்தனைக்குப் பதில் சொன்னீர்கள், எத்தனையின் பேரில் திட்டத்தை மாற்றினீர்கள் என்று எண்ணிக்கை கேட்கும் கட்டம் அந்த இடத்தில் இல்லை. விடுதி அரங்கில் நடக்கும் கூட்டங்கள் இப்படித்தான் கட்டத்தை நிரப்புகின்றன. அந்த அம்மாவின் பெயரும் கையெழுத்தும் வருகைப் பதிவேட்டில் இருக்கின்றன. அவர் என்ன கேட்டார் என்பது எங்கும் இல்லை.

உலக மேடையிலும் நிலைமை வேறல்ல. 2023இல் துபாயில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர் அபுதாபியின் அரசு எண்ணெய் நிறுவனத் தலைவர். பேச்சுவார்த்தை நடக்கும் பகுதிக்கு நீல மண்டலம் என்று பெயர், அடையாள அட்டை இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. பொதுமக்களுக்கும் நிறுவனக் கண்காட்சிகளுக்கும் பச்சை மண்டலம் என்று தனியே ஓர் இடம். பக்க நிகழ்வுகள் நூற்றுக்கணக்கில் நடக்கின்றன. ஒப்பந்தத்தின் வாசகத்தை எழுதும் மேசையோ வேறோர் அறையில் இருக்கிறது.

'மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, அதை வளர்க்கவாவது பயிலரங்கு வேண்டாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு மிகவும் வருத்தம் தரும் கேள்வி இது. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் கண்டுபிடித்தார். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்கு வழிகாட்டியது. அன்றைக்கு எரிவாயு விளக்கின் மேண்டிலுக்கு மோனசைட்டில் உள்ள தோரியம் தேவைப்பட்டது. அப்போது தொடங்கிய மணல் எடுப்பு நூறாண்டைத் தாண்டிவிட்டது. கடல் எந்த மாதம் எந்தக் கரையைத் தின்னும், எங்கே மணல் திரும்பி ஏறும், எந்தத் தூண்டில் வளைவு கட்டிய பிறகு அடுத்த ஊரின் கரை போனது என்பதெல்லாம் இந்த ஊர்களில் கரமடி என்ற கரைவலை இழுத்தவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குக் கிடைக்காதது தகவல். எந்த நிலம், எத்தனை அடி ஆழம், எத்தனை ஆண்டு, கதிர்வீச்சு அளவை யார் அளக்கிறார்கள், குழியை எப்படி மூடுவார்கள் என்ற தகவல். அதைக் கொடுக்க வேண்டிய இடத்தில் விழிப்புணர்வைக் கொடுப்பது அவர்களை அவமதிப்பது.

கையால் செய்யும் வேலையைக் கற்றுத்தரும் பயிற்சிகளை நான் இதில் சேர்க்கவில்லை. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம் சாண எரிவாயுக் கலன் கட்டவும் செலவு குறைந்த வீடு கட்டவும் பல ஆண்டுகளாகப் பயிற்சி தருகிறது. 2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு, ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்குத் தகவல் தொடர்புக் கருவிகளைக் கையாளச் சொல்லித்தருவது உயிர்காக்கும் வேலை. வந்தவர் ஒரு திறமையோடு வீட்டுக்குப் போகிறார். என் எதிர்ப்பு, ஒரு திட்டத்தால் வீட்டையும் தொழிலையும் இழக்கப்போகிறவரை 'பங்குதாரர்' என்று பெயரிட்டு அழைத்து உட்காரவைத்து, பேசவிட்டு, பேசியதற்கு எந்தப் பொறுப்பும் ஏற்காமல் அனுப்புகிற கூட்டத்தின் மேல்தான்.

பேசிப் பேசித்தான் இந்த மாவட்டம் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது என்பதற்கும் ஆதாரம் இல்லை. இனயத்தில் சரக்குப் பெட்டக மாற்று முனையம் அமைக்க மத்திய அமைச்சரவை 2016இல் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. கரையோரம் கொதித்தது. திட்டத்தைக் கோவளத்துக்கும் கீழமணக்குடிக்கும் இடையே கொண்டுபோனார்கள், அங்கேயும் ஊர்கள் எழுந்தன. துறைமுகம் இரண்டு இடத்திலும் வரவில்லை. அதற்கும் முன்னால், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாஞ்சில் நாட்டார் கூடி வரிக்கொடுமையை எதிர்த்து முடிவெடுத்த செய்தி அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்து ஓலை ஆவணங்களில் கிடைக்கிறது. அது நாட்டாரே கூட்டிய கூட்டம். என்ன பேசுவது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள், எடுத்த முடிவை ஓலையில் எழுதியும் வைத்தார்கள்.

அப்படியானால் நிறுவனங்களோடு பேசவே கூடாதா என்று கேட்கலாம். பேசலாம், சட்டம் போட்டுக்கொடுத்த மேடையில். அந்த மேடையை 2025இன் குறிப்பாணை பிரித்துப் போட்ட நேரத்தில் பக்கத்து அறையில் நாற்காலி கிடைத்ததே என்று திருப்திப்படுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் பறிப்பை ஏற்றுக்கொள்ளும்படி மற்றவர்களைப் பழக்குகிறார். கருத்துக்கேட்பு இல்லாவிட்டால் என்ன, மக்களோடு கலந்துபேசினோமே என்று நாளைக்கு எவரும் சொல்லிவிட முடியும். அதற்குச் சான்றாக நம் கையெழுத்துகளே காட்டப்படும்.

குறிப்பாணை திரும்பப் பெறப்பட வேண்டும். கிள்ளியூர்த் திட்டத்தின் கருத்துக்கேட்பு மிடாலத்திலோ கொல்லங்கோட்டிலோ, வள்ளங்கள் கரையில் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடக்க வேண்டும். சுருக்கம் மட்டும் போதாது, முழு அறிக்கையும் தமிழில் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் இருக்க வேண்டும். அதுவரை வரும் பயிலரங்கு அழைப்புகளுக்கு ஊர்க்கமிட்டிகள் ஒரே ஒரு கடிதம் எழுதினால் போதும்: எங்கள் கேள்விகளுக்குப் பொறுப்பான அதிகாரி கையெழுத்திட்ட பதில் எத்தனை நாளில் வரும்? தேதி குறித்துப் பதில் வந்தால் போகலாம். வராவிட்டால் அந்த வருகைப் பதிவேட்டில் நம் ஊர்ப் பெயர் இருக்கக் கூடாது.