சிவப்பழகு வியாபாரம்

சரக்கு விற்க வேண்டுமானால் முதலில் அதற்குத் தேவை இருக்கவேண்டும். அரிசிக்கு விளம்பரம் வேண்டாம். பசியே அதை விற்றுக் கொடுக்கும். முகத்திலே பூசுகிற பசைக்குப் பசி ஏது? ஆகவே முதலாளி முதலில் அவமானத்தை உண்டாக்குகிறான். பிறகு அதற்கு மருந்தென்று பசையை நீட்டுகிறான்.

1975-இல் இந்துஸ்தான் லீவர் கம்பெனி ‘ஃபேர் அண்ட் லவ்லி’யைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தப் பசைகளை விற்கக் காட்டப்பட்ட பழைய ஆசை, மாப்பிள்ளை. வெளுத்தால் வரன் வரும் என்றார்கள். காலம் மாறிற்று. பெண்கள் கல்லூரிக்குப் போனார்கள், உத்தியோகம் கேட்டார்கள். வியாபாரி சளைப்பானா? மாப்பிள்ளையை இறக்கிவிட்டு உத்தியோகத்தை ஏற்றிவைத்தான்! பெண் விடுதலைக்குப் போராடியவர்களின் கோரிக்கையே அவன் கையில் தூண்டில் புழுவாயிற்று.

தொலைக்காட்சியில் வந்த ஒரு விளம்பரத்தை எண்ணிப் பாருங்கள். வறுமைப்பட்ட தகப்பன், “ஒரு மகன் இருந்திருந்தால்!” என்று பெருமூச்சு விடுகிறார். மகள் கேட்டுக் கலங்குகிறாள். பசை பூசுகிறாள், வெளுக்கிறாள், விமானப் பணிப்பெண் ஆகிறாள். படிப்பு எங்கே போயிற்று? திறமை எங்கே போயிற்று? தோல்தான் தகுதிச் சான்றிதழா? அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் 2002-இல் தேசிய மனித உரிமை ஆணையம் வரை சென்று முறையிட்டது. 2003-இல் விளம்பரம் நின்றது. அதே ஆண்டில் அதே பசையின் பெயரால் ஓர் அறக்கட்டளை தோன்றியது. பெண்களின் படிப்புக்கு உதவுமாம்! அறம் செய்வதிலும் விளம்பரம்.

தோழர்களே, நிறவெறியைக் கம்பெனி கண்டுபிடித்தது என்று நாம் சொல்லவில்லை. அது நம் திண்ணையிலேயே இருந்தது. “பெண் கறுப்பு, இன்னும் ஐந்து சவரன் போடவேண்டும்” என்று பேசியவர்கள் நம் உறவினர்கள்தாம். அந்தப் பேச்சைத்தான் அவன் படம் பிடித்து நமக்கே விற்றான், சிறு சிறு பொட்டலங்களாக, கூலிக்காரன் மகளுக்கும் எட்டுகிற விலையில்.

கறுப்பு என்பது என்ன? தோலிலே மெலனின் என்ற நிறப்பொருள் மிகுதி, அவ்வளவே. தாய் தந்தையர் தந்தது அது. சாலையிலும் வயலிலும் நிற்பவனை வெயிலின் கொடுமையிலிருந்து ஓரளவு காப்பதும் அதுதான். காக்கிற ஒன்றை நோய் என்கிறான் வியாபாரி! 2005 முதல் வாலிபர்களுக்கும் தனிப் பசை வந்துவிட்டது. மீசை முளைத்தவனையும் விடவில்லை.

கறுப்பு நிறத்தாரைக் கவலை படிந்தவராக, வேலையிலும் திருமணத்திலும் தாழ்ந்தவராகக் காட்டக் கூடாதென 2014-இல் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் விதி செய்தது. நல்ல விதிதான். ஆனால் அந்தக் கவுன்சில் விளம்பர உலகத்தாரே தமக்கு அமைத்துக்கொண்ட ஏற்பாடு.

2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பர் போலீசாரால் கொல்லப்பட்டார். உலகெங்கும் எழுந்த கொதிப்பிற்குப் பின், ஜூலையில் ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. ஆங்கிலத்தில் ‘ஃபேர்’ என்றால் வெளுப்பு. நியாயம் என்றும் பொருள் உண்டு. இரண்டில் எதைக் கைவிட்டார்களோ!

இப்போது ‘சிவப்பு’ என்பதில்லை, ‘பொலிவு’ என்கிறார்கள். அந்தப் பொலிவை எந்த நிறத்துப் பெண்ணின் முகத்தில் காட்டுகிறார்கள் என்பதை, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தோழர்கள் ஒருமுறை பார்க்கட்டும்.