ஆயரும் கோடரியும்

சென்ற பருவத்தில் ஓர் இரவு, விடுதியில் உணவு முடிந்தபின் நாங்கள் நால்வர் பேசிக்கொண்டிருந்தோம். நண்பர் ஒருவர் தம் ஊர்க் கோயிலின் புனிதர் வரலாற்றை உள்ளம் உருகச் சொன்னார். "இதற்குச் சான்று உண்டா?" என்று நான் கேட்டேன். அவர் தடுமாறினார். மற்றவர்கள் சிரித்தனர், நானும் சிரித்தேன். விஞ்ஞானம் வென்றது என்ற எண்ணத்தோடு அறைக்குத் திரும்பினேன். அன்று முதல் அவர் என் மேசைக்கு உண்ண வருவதில்லை.

நான் கேட்ட கேள்வி தவறானதன்று. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளுள் அது முதலாவதுதான். அதையே கடைசிக் கேள்வியாக்கிவிட்டேன். என் பிழையை எனக்கு உணர்த்தியவர், பின்னர் நூலகத்தில் நான் படித்தறிந்த ஓர் ஆயர். பின்லாந்து நாட்டின் காவற்புனிதராகிய ஹென்ரிக் அவர்.

கதை இதுதான். ஹென்ரிக் இங்கிலாந்தில் பிறந்தவர். சுவீடனில் உப்சாலா நகரின் ஆயர். 1150-களில் எரிக் மன்னர் படையெடுத்துப் பின்லாந்துக்குச் சென்றபோது உடன் சென்று, அங்குள்ள மக்களுக்குத் திருமுழுக்கு அளித்தார். மன்னர் திரும்பினார், ஆயர் அங்கேயே தங்கினார். 1156-ஆம் ஆண்டு சனவரி மாதம், பனி உறைந்து கிடந்த கோய்லியோ ஏரியின்மீது லல்லி என்ற குடியானவன் அவரைக் கோடரியால் வெட்டிக் கொன்றான். ஆயரின் தொப்பியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினான். அதைக் கழற்றியபோது தலைத்தோலும் உடன் உரிந்து வந்ததாம்!

சான்று உண்டா? அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் எழுதப்பட்ட ஒரு வரிகூட இல்லை. அவருடைய வரலாறு இலத்தீனில் எழுதப்பட்டது 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதாவது நூறாண்டுக்கும் மேற்பட்ட காலம் கழித்து. இப்படி ஓர் ஆயர் வாழ்ந்தாரா என்றே வரலாற்று அறிஞர் பலர் ஐயுறுகின்றனர். அன்று இரவு நான் இருந்த மனநிலையில் படித்திருந்தால், இந்த இடத்திலேயே புத்தகத்தை மூடியிருப்பேன்.

ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் நாம் அப்படியா செய்கிறோம்? எதிர்பாராத ஓர் அளவு கருவியில் தோன்றினால், பொய் என்று அடித்துவிட்டுப் போவதில்லை. அது ஏன் தோன்றியது என்று கேட்கிறோம். அதே கேள்வியை இக்கதையிடம் கேட்டுப் பாருங்கள். அது பேசத் தொடங்குகிறது.

இலத்தீன் வரலாறு எழுந்த காலத்தை நோக்குங்கள். டுர்க்கு நகரில் பேராலயம் உருவாகிக்கொண்டிருந்தது. 1300-இல் அது திருநிலைப்படுத்தப்பட்டது. புதிய திருச்சபைக்கு ஒரு முதல்வர் வேண்டும். சுவீடனோடு பின்லாந்தைப் பிணைக்க ஓர் உறவு வேண்டும். மன்னரும் ஆயரும் கைகோத்து வரும் கதை இரண்டையும் தந்தது. அவ்வரலாற்றில் கொலைகாரனுக்குப் பெயர்கூட இல்லை. ஏற்கெனவே ஒரு கொலை செய்தவன். ஆயர் திருச்சபை முறைப்படி அவனைத் திருத்த முயன்றதால் சினந்து அவரைக் கொன்றான். இது குருமார் சொன்ன கதை.

ஊரார் பாடிய கதை வேறு. பிற்காலத்தில் ஏட்டில் எழுதப்பட்ட நாட்டுப்பாடலில் அவனுக்கு லல்லி என்ற பெயர் உண்டு. கெர்ட்டு என்ற மனைவியும் உண்டு. லல்லி இல்லாத வேளையில் ஆயர் அவன் வீட்டில் உணவும் குதிரைக்கு வைக்கோலும் எடுத்துக்கொண்டு அதற்குரிய பணத்தையும் வைத்துவிட்டுப் போகிறார். கெர்ட்டுவோ, பணம் தராமல் போனதாகப் பொய் சொல்கிறாள். லல்லி சறுக்குக்கட்டைகளை மாட்டிக்கொண்டு துரத்துகிறான். விருந்தாளியாக வந்த அதிகாரிக்குக் குடியானவன் சோறும் வைக்கோலும் கொடுத்தே தீரவேண்டியிருந்த காலத்தின் கசப்பு இப்பாட்டில் கேட்கிறது. ஆயரையும் பழிக்காமல், ஆடவனையும் முழுதும் பழிக்காமல், பழியையெல்லாம் ஒரு பெண்ணின் நாவின்மீது ஏற்றிவிட்ட சாமர்த்தியமும் தெரிகிறது. நமக்குப் பழக்கமில்லாத சாமர்த்தியமா அது?

1488-இல் லூபெக் நகரில் டுர்க்கு மறைமாவட்டத்துக்காகப் பூசைநூல் ஒன்று அச்சாயிற்று. பின்லாந்துக்கென்று அச்சிடப்பட்ட முதல் நூல் அதுவே. அதன் படத்தில் ஆயர் நிற்கிறார். அவர் காலடியில் லல்லி கிடக்கிறான். 16-ஆம் நூற்றாண்டில் நாடு லூத்தரின் நெறிக்கு மாறியது. புனிதர் வழிபாடு மங்கியது. ஆனால் கதை மங்கவில்லை. பிற்காலத்தில் தேசிய உணர்வு ஓங்கியபோது, அந்நிய ஆட்சியை எதிர்த்த முதல் பின்லாந்தியன் என்று லல்லியைப் போற்றுவோர் தோன்றினர். 2004-இல் தொலைக்காட்சி ஒன்று நடத்திய வாக்கெடுப்பில், தலைசிறந்த பின்லாந்தியர் வரிசையில் லல்லிக்குப் 14-ஆம் இடம்! காலடியில் கிடந்தவன் எழுந்து நின்றுவிட்டான். ஆயரும் மறைந்துவிடவில்லை. கோய்லியோ ஏரியின் சிறு தீவுக்குக் கத்தோலிக்கர் இன்றும் யாத்திரை செல்கின்றனர்.

ஹென்ரிக் வாழ்ந்தாரா என்பதற்கு விடை கிடைக்காமலே போகலாம். ஆனால் அவர் கதையைச் சொன்னவர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுடைய தேவையும் அச்சமும் மானமும் அதில் பதிந்துள்ளன. அவை பொய்யல்ல.

நண்பர்களே! இதனால் சான்று கேட்பதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் சங்க மேடையில் நம் முன்னோரின் காலத்தை விருப்பம்போல் ஆயிரம் ஆண்டு முன்தள்ளிக் கைதட்டல் பெறும் பழக்கம் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. கதையைக் கதை என்று சொல்லும் நேர்மை வேண்டும். ஆனால் கதை என்று சொன்னவுடன் எழுந்து போய்விடுவதும் சோம்பல்தான். யார் சொன்னது, எப்போது சொன்னது, யாருக்காகச் சொன்னது, யாரை மறைத்தது? இவற்றையும் கேட்டால்தான் ஆராய்ச்சி நிறைவுறும்.

அந்த நண்பர் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். அவர் ஊர்க் கதையை அன்று நான் பாதியில் நிறுத்திவிட்டேன். அதை அவருக்குச் சொன்னது பாட்டியா, கோயில் உபதேசியாரா என்றுகூடக் கேட்கவில்லை. மீண்டும் ஒரு முறை அவர் சொல்வாராயின், முழுவதும் கேட்க விரும்புகிறேன். சான்றைப் பற்றிய என் கேள்வியும் இருக்கும், சிரிப்பு இராது.