கற்சுவரை இடித்த இறுதி நூல்

இளையோருக்கான மிகைபுனைவுத் தொடர்களில், அதாவது மந்திரமும் டிராகன்களும் உலவும் கற்பனை உலகொன்றைப் பல நூல்களாக விரித்துச் சொல்லும் நாவல் வரிசைகளில், இறுதி நூலுக்கு வாசகர் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் ஒதுக்கி வைத்திருக்கின்றனர்: எஞ்சிய முடிச்சுகளை அவிழ்த்து, தீயவனை வீழ்த்தி, நாயகனை வீடு சேர்ப்பது. 2007 ஜூலை 21 அன்று வெளிவந்த ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாம் நூல் அவ்வேலையைப் பிசகின்றி முடித்து, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய நிகழ்வொன்றால் கதவையும் தாழிட்டது. நார்னியா வரிசையின் ஏழாம் நூலில், 1956இல், சி. எஸ். லூயிஸ் அந்த உலகத்தையே அழித்து முடித்தார். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் (1929–2018) தம் எர்த்ஸீ வரிசையில் செய்தது இவ்விரண்டிலும் அடங்காது. மூன்றாம் நூல் மாறாத நியதியாகக் காட்டிய ஒன்றை, ஆறாம் நூல் பழைய திருட்டின் விளைவு என்று கண்டுபிடித்து இடித்துத் தள்ளியது.

எர்த்ஸீ ஒரு தீவுக்கூட்டம். அங்கு மந்திரம் என்பது மெய்ப்பெயரை அறிவதாகும். ஒவ்வொரு பொருளுக்கும் உயிருக்கும் படைப்பின் ஆதிமொழியில் ஒரு பெயர் உண்டு என்றும், அதை அறிந்தவர் அப்பொருளை ஆளலாம் என்றும், ஆகவே மனிதர் தம் மெய்ப்பெயரை நெருங்கியவரிடமன்றிச் சொல்வதில்லை என்றும் 1968இல் வெளிவந்த முதல் நூல் வகுத்தது. 1972இல் வெளிவந்த 'தி ஃபார்தஸ்ட் ஷோர்' என்ற மூன்றாம் நூலில், சாகாமையை விரும்பிய கோப் என்னும் மந்திரவாதி வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே திறந்துவிட்ட துளையை, நாயகன் கெட் தன் ஆற்றல் முழுவதையும் செலவிட்டு அடைக்கிறான். அதற்காக அவனும் இளவரசன் ஆரனும் கடந்து செல்லும் இறந்தோர் நிலம், தாழ்ந்த கற்சுவர் ஒன்றுக்கு அப்பால் கிடக்கும் வறண்ட இருள். ஒருவர் மீதொருவர் கொண்ட காதலால் உயிர்விட்டவர்கள்கூட அங்குள்ள நகரத்தின் தெருக்களில் முகம் பாராமல் கடந்து போகின்றனர். அந்நூல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்றது. மூன்று நூல்களோடு கதை முடிந்தது என்றே பலரும் கொண்டனர்.

முடியவில்லை. 1990இல் 'டெஹானு' வந்தது. அதன் துணைத்தலைப்பே எர்த்ஸீயின் கடைசி நூல் என அறிவித்தது. ஆண்கள் மட்டுமே பயிலும் ரோக் தீவின் மந்திரப் பள்ளியை விட்டு, ஆற்றல் இழந்த கெட், கணவனை இழந்த டெனார், சொந்தத்தாராலேயே வன்கொடுமைக்குள்ளாகித் தீயில் தள்ளப்பட்ட ஒரு சிறுமி ஆகியோரின் பண்ணை வாழ்வில் அந்நூல் தங்கியது. நெபுலா விருது கிடைத்தது; பழைய வாசகர் சிலரின் மனத்தாங்கலும் கிடைத்தது.

ஆறாம் நூலான 'தி அதர் விண்ட்' 2001இல் வந்தபோதுதான் அறிவிக்கப்பட்ட கடைசி உண்மையான கடைசிக்கு இடம்விட்டது. உடைந்த கலங்களை ஒட்டவைப்பதைத் தொழிலாகக் கொண்ட ஆல்டர் என்ற எளிய மந்திரக்காரனின் கனவில், இறந்த மனைவி அக்கற்சுவரின் மறுபுறமிருந்து அவனை அழைத்து, விடுவிக்குமாறு கேட்கிறாள். சுவரைத் தாண்டி முத்தமிடவும் செய்கிறாள். மூன்றாம் நூலில் காதலருக்கும் மறுக்கப்பட்ட ஒன்று இங்கே நிகழ்ந்துவிடுவதால், கதைக்குள்ளிருக்கும் அறிஞர்களே தம் உலகின் அடிப்படையை மறுபடி ஆராய வேண்டியவர்களாகின்றனர். ஆதியில் மனிதரும் டிராகன்களும் ஓரினமாக இருந்து, மனிதர் உடைமையையும் டிராகன்கள் விடுதலையையும் தேர்ந்து பிரிந்தனர் என்பதும், அந்தப் பிரிவினை ஒப்பந்தத்தை மீறிய மந்திரவாதிகள் அழியாமையை நாடி டிராகன்களின் மேற்குவெளியில் ஒரு பகுதியைக் களவாடி மதிலிட்டனர் என்பதும், அந்தப் பேராசையின் பாழ்நிலமே இறந்தோர் நிலம் என்பதும் தெரியவருகின்றன. மெய்ப்பெயர் முறைக்கு வெளியே வாழ்ந்து, செத்தவர் மீண்டும் பிறப்பர் என்று நம்பி, அதற்காகவே காட்டுமிராண்டிகள் என இகழப்பட்ட கார்க் மக்களே இந்தப் பாழ்நிலத்திற்குத் தப்பியவர்கள். மானிடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபரின் மகளான லெ குவினுக்கு, இகழப்பட்டவரின் சமயத்தில் உண்மை இருக்கக்கூடும் என்பதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருந்திராது.

இத்திருத்தத்தின் சிறப்பு, அது முந்தைய நூல்களைத் தொட்டு மாற்றாததில் உள்ளது. நிகழ்வுகள் நிகழ்ந்தபடியே நிற்கின்றன. கெட் அடைத்த துளை அடைக்கப்பட வேண்டியதாகவே இருக்கிறது. அந்தத் துளை எத்தகைய மதிலுக்குள் இருந்தது என்ற கேள்வி மட்டும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிந்தி எழுகிறது. நாயகனின் வெற்றியைப் பொய்யாக்காமல் அதன் எல்லையைக் காட்டுவது, தாம் படைத்த உலகின் மீது பற்றும் ஐயமும் ஒருசேரக் கொண்ட ஆசிரியருக்கே கைகூடும். நூலில் குறை இல்லாமலில்லை. அரசவையிலும் சோலையிலும் பாத்திரங்கள் கூடிக் கூடிப் பேசுகின்றனர். சுவர் இடியும் வேளையில் கெட் தொலைவில் தன் தீவில் இருக்கிறான். நடுவயதினரும் முதியோரும் நிறைந்த இக்கதை இளையோர் நூல்தானா என்று கேட்பவரை எளிதில் மறுத்துவிட முடியாது. 1968இல் முதல் நூலைப் படித்த பதின்பருவத்தினர் அதற்குள் நாற்பதைக் கடந்திருந்தனர் என்பதைக் கொண்டு ஓரளவு விடை சொல்லலாம், அவ்வளவே.

லெ குவின் 2018 ஜனவரியில் மறைந்த பின், அதே ஆண்டில், கெட்டின் கடைசி நாட்களைச் சொல்லும் 'ஃபயர்லைட்' என்ற சிறுகதை வெளிவந்து, இறுதி என்ற சொல்லை மீண்டும் ஒருமுறை நகர்த்தியது. வரிசை 1972இல் நின்றிருக்குமானால், தான் எல்லாவற்றையும் ஈந்து காத்த நியதியின்படி, கெட்டும் அந்தக் கற்சுவரைத் தாண்டி, யாரும் யாரையும் பார்க்காத அந்நகரத்துக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.