மீட்டருக்குப் பூஜை

மாட்டுச் சந்தைக்குப் போகிற குடியானவன், "இந்தக் காளை இதுவரை எத்தனை மைல் நடந்திருக்கிறது?" என்று தரகனைக் கேட்பதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறான். சுழி பார்க்கிறான். குளம்பைத் தூக்கிப் பார்க்கிறான். நாலு அடி நடக்கவிட்டு, பின்னால் நின்று நடையைக் கவனிக்கிறான். அதற்குப் பிறகுதான் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுகிறான். அவனுக்கு எழுத்து வாசனை இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஜப்பானிலிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் தருவித்து வாங்கும் படித்த கனவான்களைக் காட்டிலும் அவன் ஆயிரம் மடங்கு விவரம் தெரிந்தவன் என்று நான் சத்தியம் செய்வேன். இந்தக் கனவான்கள் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "மீட்டர் எவ்வளவு காட்டுகிறது?"

இந்த வியாபாரம் நம் ஊரில் நடப்பதல்ல. லண்டனிலும் ஆக்லாந்திலும் லாஸ் ஏஞ்செல்ஸிலும் நடப்பது. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கேயெல்லாம் இருக்கிறார்கள், சம்பாதிக்கிறார்கள், இந்த மோகத்திலும் விழுகிறார்கள். அது தவிர, மனித சுபாவம் என்னும் சரக்கு எந்தத் துறைமுகத்திலும் சுங்கமில்லாமல் இறங்கக் கூடியது. ஆகவே கதை வாசிக்கிறவர்களுக்கும் இதில் சங்கதி உண்டு.

மோகத்தின் பூர்வோத்தரம் இது. 1989-ஆம் ஆண்டு நிஸ்ஸான் கம்பெனி ஸ்கைலைன் ஜி.டி.-ஆர். என்ற காரை ஆர்.32 என்னும் வடிவத்தில் வெளியிட்டது. பிறகு ஆர்.33, 1999 ஜனவரியில் ஆர்.34. அதே காலத்தில் மாஸ்டாவின் ஆர்.எக்ஸ்.-7, டொயோட்டாவின் ஸூப்ரா. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் நியூஸிலாந்தும் ஜப்பானைப் போலவே சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளாதலால், பழைய வண்டிகள் அங்கே சுலபமாகக் கப்பலேறின. அமெரிக்காவில் மட்டும் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றது. அந்நாட்டு விதிப்படி செய்யப்படாத வண்டிக்கு 25 வயது நிரம்பினால்தான் தடையில்லாமல் உள்ளே வரலாம். ஆகவே ஆர்.34 அப்படித் தடையில்லாமல் அங்கே கால் வைக்க 2024 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தால் காதலும் வளரும், விலையும் வளரும். புதிதாக இருந்தபோது சுமார் 50 லட்சம் யென் விலையிருந்த ரகம் அது. 2009-இல் வந்த ஹாலிவுட் படம் ஒன்றில் ஓடிய ஆர்.34 ஒன்று, 2023-இல் ஏலத்தில் 13 லட்சத்து 57 ஆயிரம் டாலருக்குப் போயிற்று! நட்சத்திரம் உட்கார்ந்த ஆசனத்துக்கு அந்த விலை வந்ததும், நட்சத்திரமே உட்காராத ஆசனங்களும் தலைநிமிர்ந்து கொண்டன.

விலை ஏறினால் புரட்டும் ஏறும். இது உலக நியாயம். ஆனால் புரட்டைச் செய்கிறவனை மட்டும் திட்டிவிட்டு வீட்டுக்குப் போக நான் தயாராக இல்லை. புரட்டுக்கு ஆர்டர் கொடுப்பவர் யார்?

இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒன்று 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. மாற்றிய பெல்ட், ஊற்றிய எண்ணெய், போட்ட பிரேக் எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது. மற்றொன்றின் மீட்டரில் 58,000. ரசீது ஒன்றுகூட இல்லை. கனவான் எதை வாங்குகிறார்? இரண்டாவதை! அதற்கு அதிக விலையும் கொடுக்கிறார். நியாயமாக வண்டியைப் பராமரித்து, நியாயமாகக் கணக்கு வைத்தவனுக்கு அபராதம். எண்ணைத் திருப்பியவனுக்கு வெகுமதி. இப்படி வெகுமதி கொடுத்துவிட்டு, "ஐயோ, மோசம் போனேனே!" என்று மார்பில் அடித்துக் கொள்வதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

அந்த எண் அப்படியே உண்மையாக இருந்தாலும்கூட அது பாதிக் கதையைத்தான் சொல்லும். இந்த வண்டிகளில் பல 30 வயதைத் தாண்டியவை. ஓடாமல் நின்ற வண்டியில் ரப்பர் குழாய்கள் வெடிக்கின்றன. எண்ணெய் ஸீல்கள் காய்கின்றன. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கெடுகிறது. பெட்ரோல் டாங்க் உள்ளுக்குள் துருவேறுகிறது. மேலும், ஜப்பானில் இந்தக் கார்களுக்கு வேகம் மணிக்கு 180 கிலோமீட்டரில் பூட்டப்பட்டிருந்தது. பூட்டைக் கழற்றிய இளைஞர்களில் பலர், அதற்கு மேலும் காட்டக் கூடிய வேறு மீட்டரை வாங்கி மாட்டினார்கள். புது மீட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பித்தது. அதில் வஞ்சகம்கூட இல்லை. ஆனால் முப்பது வருஷம் கழித்து, ஒருவர் அந்த மீட்டருக்கு முன்னால் கை கூப்பி நிற்கிறாரே, அதுதான் வேடிக்கை.

"ஜப்பான் நாணயமான தேசம் ஐயா, அங்கே கடுமையான சர்க்கார் பரிசோதனை இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது. 'ஷாக்கென்' என்று அதற்குப் பெயர். புதுக் காருக்கு மூன்று வருஷம் கழித்து முதல் தடவை. பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. 1995 வரையில் பத்து வயது தாண்டிய வண்டிகளுக்கு வருஷா வருஷம். பிரேக், விளக்கு, புகை எல்லாம் சோதிப்பார்கள். ஆனால் அது அன்றைய தினத்துக்கான சான்று. என்ஜினைப் பிரித்துப் பார்த்துக் கொடுக்கும் உத்தரவாதம் அல்ல. அந்தப் பரிசோதனைக்கும் அதற்கு முன் செய்ய வேண்டிய ரிப்பேருக்கும் ஆகிற செலவைக் கண்டுதான் ஜப்பானியர்களில் பலர் பழைய வண்டியைக் கைகழுவுகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஜப்பானியரின் நாணயம் வேறோர் இடத்தில் இருக்கிறது. கனவான்கள் அதைத்தான் பார்ப்பதில்லை. அங்கே பழைய கார்கள் பெரும்பாலும் ஏலக் கூடங்கள் வழியாகக் கை மாறுகின்றன. கூடத்துப் பரிசோதகர் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து ஒரே ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார். வண்டிக்கு ஜாதகம் என்றே அதைச் சொல்லலாம். மேலே மொத்த மதிப்பெண். விபத்தில் அடிபட்டு எலும்புக்கூடு ரிப்பேரானதென்றால் எண்ணுக்குப் பதில் 'ஆர்' என்ற எழுத்து. கீழே வண்டியின் படம், அதில் குறிகள். 'ஏ' என்றால் கீறல். 'யு' என்றால் நசுங்கல். 'டபிள்யூ' என்றால் தட்டிப் பெயிண்ட் அடித்த அலை. 'எஸ்' என்றால் துரு. இரட்டை 'எக்ஸ்' என்றால் தகடே மாற்றப்பட்டது. எவ்வளவு உத்தமமான ஏற்பாடு! ஆனால் கப்பல் கரை சேர்வதற்குள் இந்த ஜாதகம் பல சமயம் காணாமற் போகிறது. அல்லது மதிப்பெண் உயர்ந்துவிடுகிறது. ஆகவே ஏலக் கூடத்தின் பெயர், தேதி, வரிசை எண் மூன்றையும் கேளுங்கள். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத, ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசியுங்கள். 2004 முதல் ஷாக்கென் சான்றிலேயே ஓடிய தூரத்தைக் குறிக்கிறார்கள். அந்தக் காகிதங்களையும் கேட்டு, ஜாதகத்தோடு ஒத்துப் பாருங்கள். விற்பவர், "அதெல்லாம் எதற்கு?" என்று சிரித்தால், சிரித்துக் கொண்டே வெளியே வந்துவிடுங்கள். ஒன்று மட்டும்: 'ஆர்' என்ற எழுத்தைக் கண்டதும் ஓட வேண்டியதில்லை. எங்கே அடி, யார் சரி செய்தார்கள் என்று தெரிந்த வண்டி, ஒன்றும் தெரியாத 'கன்னி'யைவிட எவ்வளவோ மேல்.

இனி, காளையின் பல்லுக்கு வருவோம். முதலில் சேஸிஸில் அடித்திருக்கும் எண். ஜப்பானிய உள்நாட்டு வண்டிக்கு மற்ற தேசத்துக் கார்களைப் போல 17 எழுத்து எண் கிடையாது. ஆர்.32 ஜி.டி.-ஆர். என்றால் பி.என்.ஆர்.32 என்று தொடங்கும், ஆர்.33 என்றால் பி.சி.என்.ஆர்.33, ஆர்.34 என்றால் பி.என்.ஆர்.34. எச்.சி.ஆர்.32 என்றோ, ஈ.சி.ஆர்.33 என்றோ, ஈ.ஆர்.34 என்றோ இருந்தால் அது அதே குடும்பத்துச் சாதாரணப் பிள்ளை. யாரோ ராஜ உடுப்பு மாட்டிவிட்டிருக்கிறார்கள். மார்பில் ஒட்டும் முத்திரை எந்தக் கடையிலும் கிடைக்கும்.

அடுத்தது துரு. வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் பார்க்காமல் ஒரு காசும் கொடுக்கக் கூடாது. ஜாக்கி வைக்கும் இடம், கதவுக்குக் கீழுள்ள பெட்டி, பின்சக்கர வளைவு, முன்புற ஸ்பிரிங் தாங்கும் கோபுரத்தின் தலை, இவையெல்லாம் துருவுக்குப் பிரியமான வாசஸ்தலங்கள். ஹொக்கைடோ, நீகாட்டா போன்ற பனிப் பிரதேசங்களில் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். பிரிட்டனிலும் குளிர்காலம் முழுவதும் அதே உப்புத்தான். அடிப்புறம் முழுதும் புதுக் கறுப்புப் பூச்சுப் பளபளத்தால், அது எதை மறைக்கிறது என்று கேளுங்கள். சட்டைப் பையில் ஒரு காந்தம் இருக்கட்டும். இரும்புத் தகட்டில் அது ஒட்டாமல் விழுந்தால், பெயிண்டுக்குக் கீழே இருப்பது வெறும் பட்டி. ஆனால் ஆர்.32 ஜி.டி.-ஆரின் பானெட்டும் முன் மட்கார்டுகளும் அலுமினியம். அங்கே காந்தம் ஒட்டாவிட்டால் பயமில்லை. ஒட்டினால்தான் கேள்வி கேட்க வேண்டும்!

பிறகு என்ஜின். குளிர்ந்திருக்கும்போதே வந்து பார்க்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே பானெட் சுட்டால், காலையில் அது இருமியதை யாரோ உங்களிடமிருந்து மறைத்தார்கள் என்று சந்தேகியுங்கள். ஆர்.எக்ஸ்.-7 என்றால் கதையே தனி. அதன் என்ஜினில் பிஸ்டன் கிடையாது. முக்கோணச் சுழலிகள் இரண்டு. ஒவ்வொன்றின் முனையிலும் மெல்லிய ஸீல். அது தேய்ந்தால் அழுத்தம் போச்சு. என்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். அதற்கென்றே உள்ள கருவியால் இரண்டு சுழலிகளிலும் மும்மூன்று முகங்களின் அழுத்தத்தை அளந்து பார்க்கலாம். சூடான என்ஜினை நிறுத்தி மறுபடி கிளப்பியும் பார்க்க வேண்டும். முரண்டு பிடித்தால் அதுவே வாக்குமூலம். யானை வாங்கப் பணமிருக்கிறது, அங்குசம் வாங்கப் பணமில்லை என்கிற கதையாக, வண்டிக்குப் பெரும்பணம் கொடுப்பவர் இந்தச் சில்லறைச் செலவுக்குத் தயங்குவது எனக்கு விளங்கவே இல்லை.

எண்பதுகளின் கடைசியிலிருந்து 2004 வரை ஜப்பானியக் கம்பெனிகள் 280 குதிரைச் சக்திக்கு மேல் விளம்பரப்படுத்துவதில்லை என்று தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்து கொண்டிருந்தன. அதனால் என்ஜின்கள் அதற்கு மேலும் தாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? டர்போவின் அழுத்தத்தை ஏற்றினார்கள். ஆர்.32-இன் டர்போச் சக்கரம் பீங்கான் வகையைச் சேர்ந்தது. அளவுக்கு மீறினால் நொறுங்கும். விற்கும்போது கூடுதல் கருவிகளைக் கழற்றிவிட்டு, "கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது" என்பார்கள். கழற்றிய பொருள் போய்விடும், தழும்பு போகாது. வெட்டி ஒட்டிய ஒயர், கடிகாரம் பொருத்திய துளை, இவற்றைத் தேடுங்கள்.

"இது கனவு, கனவை இப்படிச் சல்லடை போடலாமா?" என்று சில ரசிக சிகாமணிகள் கேட்கிறார்கள். கனவு விற்றுப் பிழைக்கிறவன் நான். கதை என்று சொல்லித்தான் கதை விற்கிறேன். வாசகரும் கதை என்று தெரிந்துதான் காசு கொடுக்கிறார். வண்டித் தரகர் சொல்கிறாரே, "ஒரே ஒரு பெரியவர் வைத்திருந்தார்; ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டினார்," என்று, அந்தக் கதையை நான் எழுதியனுப்பினால் எந்தப் பத்திரிகாசிரியரும் மறு தபாலில் திருப்பி அனுப்பிவிடுவார். பாத்திரத்துக்குப் பெயரில்லை, ஊரில்லை, ஆதாரமில்லை! ஆனால் என் கதை மோசமாக இருந்தால் ஒரு மத்தியானத் தூக்கம்தான் கெடும். உள்ளே உளுத்துப் போன இரும்புப் பெட்டி நெடுஞ்சாலையில் நூறு மைல் வேகத்தில் போகும்போது, பக்கத்து ஆசனத்தில் ஒரு தங்கையோ மனைவியோ உட்கார்ந்திருக்கிறாள். அவள் மீட்டரைப் பார்த்து ஆசைப்பட்டவள் அல்ல. அவளுடைய உயிரைப் பணயம் வைக்க யாருக்கும் பாத்தியதை கிடையாது.

ஆகவே, வாங்குகிறவர்களே, உங்கள் கையில்தான் இருக்கிறது. அதிகம் ஓடியும் உண்மையைச் சொல்லும் வண்டிக்கு அதிக விலை கொடுங்கள். ரசீதுக் கட்டுக்கு விலை கொடுங்கள். காகிதமில்லாத சிறிய எண்ணுக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். நாலு பேர் அப்படி வாங்க ஆரம்பித்தால், மீட்டரைத் திருப்புகிறவனுடைய திருப்புளி தானாகவே துருப்பிடித்துப் போகும்.